இறைச்சிக்கான செம்மறிக் குட்டிகளும் தாவரச் சேர்க்கைப் பொருள்களும்

இராஜஸ்தானம் போன்ற வறண்ட பகுதிகளில் குட்டிகளை விற்றுக் கிடைக்கும் தொகையே ஆடு வளர்ப்போரின் முக்கிய வருவாயாகும். விற்கும் நாளில் குட்டியின் எடை ஒரு கிலோ கூடினாலும் அது அவர்களுக்குப் பெரும் உதவியாகும். ஆகவே, எடையைப் பெருக்குவதாகக் கூறி விற்கப்படும் மூலிகைப் பொடிகளைப் பற்றிக் களப்பணியாளர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

வளர்ச்சியைத் தூண்டுவதற்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் சேர்க்கும் வழக்கம் முன்னர்ப் பல நாடுகளில் இருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில் அதனை முற்றிலும் விலக்கியது. தாவரப் பொருள்களின்மீது கவனம் மிகுந்ததற்கு இஃது ஒரு காரணமாகும்.

இவை செயற்படும் முறை யாது? ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனப் புரதத்தின் பெரும்பகுதியைச் சிதைத்து விடுகின்றன. துவர்ப்புச் சுவைக்குக் காரணமான டானின் அப்புரதத்துடன் பிணைந்து சிதைவைத் தடுக்கிறது. அமிலம் மிகுந்த நான்காம் இரைப்பையை அடைந்ததும் பிணைப்பு நீங்கிப் புரதம் சீரணமாகிறது. பூந்திக்கொட்டையில் உள்ள சாப்போனின் வேறு வகையில் உதவுகிறது. அது பாக்டீரியாக்களை உண்ணும் ஓரணு உயிர்களைக் குறைக்கிறது. எனவே பாக்டீரியாப் புரதம் குட்டிக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆயினும், நாளடைவில் நுண்ணுயிர்கள் சாப்போனினையும் சிதைக்கப் பழகிவிடுவதால் இப்பயன் குன்றக்கூடும்.

அளவு மிஞ்சினால் நன்மையே தீமையாகும். உலர்தீவனத்தில் டானின் 2 முதல் 4 விழுக்காடு வரை இருப்பது பொதுவாக நலம். அதாவது, நாளொன்றுக்கு 700 கிராம் உலர்தீவனம் உண்ணும் குட்டிக்கு 14 முதல் 28 கிராம் வரை போதும். 5 விழுக்காட்டைக் கடந்தால் குட்டி தீவனத்தை வெறுக்கும், சீரணமும் குன்றும். இராஜஸ்தானத்தில் ‘லூங்’ எனப்படும் வன்னி இலையில் டானின் மிகுதி. அதனைத் தனித்து ஊட்டாமல் பிண்ணாக்கு, தானியம் ஆகியவற்றுடன் சிறிதளவு கலந்து, பத்து நாள்களில் படிப்படியாகக் கூட்டுதல் நன்று. பால்குடிக் குட்டிகளுக்கு முதல் இரைப்பை முதிர்ந்திராது. ஆதலால் இச்சேர்க்கையைப் பால் மறந்த பின்னரே, ஏறத்தாழ மூன்று மாதத்தில், தொடங்குதல் வேண்டும்.

எப்பொடியையும் பரிந்துரைக்கும் முன் சோதித்துப் பார்த்தல் நலம். ஒரே வயதும் எடையும் உடைய குட்டிகளை இரு தொகுதிகளாகப் பிரித்து, இரண்டிற்கும் ஒரே தீவனம் இடுக. ஒன்றிற்கு மட்டும் பொடியைச் சேர்க்க. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை, காலையில் தீவனம் இடுமுன் எடை போட்டுக் குறித்துக்கொள்க. மூன்று மாத முடிவில் கூடிய எடையின் விலை, பொடியின் விலையினும் மிகுந்ததா எனக் கணக்கிடுக. பள்ளி மாணவர்களும் எளிதில் செய்யத்தக்க கணக்கு இது.

போதிய தீவனமும், தூய நீரும், குடற்புழு நீக்கமும் இல்லாத பட்டியில் எச்சேர்க்கைப் பொருளும் பயன் தராது. முதலில் அவற்றைச் சீர்செய்வதே கடமையாகும்.