கடவுச்சொல் ஒன்றே காவலாகுமா?

சீயமங்கலத்து வீட்டிலிருந்து சென்னை அலுவலகக் கணினிக்குள் நுழைய வி.பி.என். உதவுகிறது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் அது காக்கும். ஆனால் சரியான கடவுச்சொல்லோடு வரும் திருடனை ஊழியர் என்றே நம்பிவிடும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் நடந்தது அதுதான். யாரும் பயன்படுத்தாத பழைய வி.பி.என். கணக்கு, ஒற்றைக் கடவுச்சொல். டெக்சாஸிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருள் குழாயையே சில நாள் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒருமுறை மட்டும் செல்லும் ஓடிபி எண்ணையும் சேர்த்தால் போதாதா? போலிப் பக்கத்தில் அதையும் நாமே தட்டிக் கொடுத்துவிடுவோம். கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியோ தளத்தின் முகவரியைத் தானே சரிபார்க்கும், போலியிடம் ஏமாறாது.

உள்ளேயும் தடுப்பு வேண்டும். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையுச்சிக்கு முன் ஆழமான பாறைப் பிளவு; பாலத்தை எடுத்துவிட்டால் கீழ்வாசல் விழுந்தாலும் மேலே ஏற முடியாது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. முக்கிய உள்வலையமைப்பு அப்படிப் பிரிந்தே இருந்தது, நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.