கம்பளி நூலை முடிச்சின்றி இணைத்தல்

கம்பளியாடை பின்னுகையில், ஓர் உருண்டை நூல் தீர்ந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் முடிச்சிடுவது பலருடைய வழக்கம். முடிச்சு உடலை உறுத்தும். சலவையில் நழுவி அவிழவும் கூடும். ஒரு கண்ணி அவிழ்ந்தால், அதனைப் பற்றி நிற்கும் கண்ணிகளும் ஒவ்வொன்றாக அவிழும். பல நாளைய உழைப்பு வீணாகும். கம்பளியின் இயற்கை அமைப்பே இதற்கு மாற்று வழியொன்றைத் தருகிறது.

ஆட்டு ரோமத்தை நுண்பெருக்கியில் நோக்கினால், கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள் தெரியும். அவற்றின் விளிம்புகள் யாவும் ரோமத்தின் நுனியை நோக்கியுள்ளன. ஈரமான இழைகளைத் தேய்க்கும்போது, ஒவ்வோர் இழையும் தன் அடிப்பக்கமாக எளிதில் நகரும். திரும்பி வருவதைச் செதில்கள் தடுக்கும். எனவே இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. காஷ்மீரத்து நம்தா விரிப்புகள் நெசவின்றி உருவாவதும் இப்பண்பினாலேயே ஆகும்.

இணைக்கும் முறை வருமாறு: இரு நூல்களின் நுனிகளையும் ஏறத்தாழ 7 செ.மீ. நீளத்திற்கு முறுக்கு நீக்கிப் பிரிக்க வேண்டும். நான்கு புரி நூலாயின், பிரித்த பகுதியில் இரண்டு புரிகளைக் கத்தரித்துவிட்டால் இணைப்புத் தடிக்காது. பின்னர் நுனிகளை எதிரெதிராக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கிடையே சூடு உணரப்படும்வரை விரைந்து உருட்ட வேண்டும். மெல்ல இழுத்துப் பார்த்து, இணைப்பு நழுவாவிடில் பின்னலைத் தொடரலாம்.

இம்முறை எல்லா நூலுக்கும் பொருந்தாது. பருத்தியிலும் அக்ரிலிக்கிலும் இத்தகைய செதில்கள் இல்லை. இயந்திரச் சலவைக்கென்று பதப்படுத்திய கம்பளியில், செதில்கள் குளோரினால் தேய்க்கப்பட்டோ பிசினால் மூடப்பட்டோ இருக்கும். இவற்றைப் பின்னும்போது, வரிசையின் ஓரத்தில் புதிய நூலைத் தொடங்கி, இரு நுனிகளிலும் 15 செ.மீ. விட்டுவைக்க வேண்டும். பின்னல் முடிந்தபின், மழுங்கிய ஊசியால் அந்நுனிகளை ஆடையின் உட்புறக் கண்ணிகளில் ஒரு திசையில் கோத்து, மீண்டும் எதிர்த்திசையில் கோத்தல் வேண்டும்.

கம்பளி நூல் ஒன்றையும் பருத்தி நூல் ஒன்றையும் தனித்தனியே ஈரமாக்கி உருட்டி, இழுத்துப் பார்க்குமாறு ஆசிரியர் மாணவரிடம் கூறலாம். பருத்தி எளிதில் பிரிந்துவிடும், கம்பளி பிரியாது. புதிதாக வாங்கிய நூலின் தன்மையை அறியவும் இச்சோதனையே போதுமானது. ஆடையைத் தொடங்குமுன், ஒரு சிறு துண்டு நூலில் இதனைச் செய்து பார்த்தல் நலம்.