பள்ளி மூடினால் பொறுப்பு யாருக்கு?

விருத்தாசலம் அருகே கருவேப்பிலங்குறிச்சி உட்பட தமிழகம் முழுக்க 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தது 2021 நவம்பர் 1-ல்தான்.

யார் வீட்டில் போன் இல்லை, எந்தப் பிள்ளை வேலைக்குப் போய்விட்டது? தலைமை ஆசிரியர் ஒருவரே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முடியாது. தெருக்காரங்களுக்குத் தெரியும்.

அங்கேதான் பள்ளி மேலாண்மைக் குழு கைகொடுக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு.

நீங்க படிச்ச அரசுப் பள்ளியில் குழு எப்போது கூடுகிறது? கேட்டுப் பாருங்க. அடுத்து வெள்ளமோ தொற்றோ வந்தா, எந்தத் தெருப் பிள்ளைகளை யார் தேடிப் போவது என்ற பட்டியல் இப்பவே தயாராகணும்.