காஸா குறித்துப் பேச அஞ்சுவானேன்?

புது தில்லி: இஸ்ரேல்-பாலஸ்தீனப் பிரச்னையில் எதிரெதிர்க் கருத்து உடையவர்கள் ஒரே அவையில் அமர்ந்து பேச முடியுமா? 2014 ஜூலையில் மாநிலங்களவை இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது.

காஸா மீதான இஸ்ரேலின் தாக்குதல் குறித்த குறுகிய கால விவாதம் அவையின் அலுவல் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. நட்பு நாடுகளைப் பற்றி மதிப்புக் குறைவாகப் பேசினால் தூதரக உறவு பாதிக்கப்படும் என்று கூறி அதை ஆட்சேபித்தார் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன, அவை அலுவல்கள் முடங்கின. விவாதம் நடைபெறலாம் என்று அவைத் தலைவர் ஹமீத் அன்சாரி தீர்ப்பளித்த பின்னர், ஜூலை 21-ல் உறுப்பினர்கள் பேசினர்.

அவை பிளவுபட்டது தீர்மானம் குறித்த கேள்வியில்தான். இஸ்ரேலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றன எதிர்க்கட்சிகள். பாலஸ்தீனர்களுக்கான ஆதரவில் மாற்றமில்லை. இஸ்ரேலுடன் நல்லுறவும் தொடரும் என்றார் சுஷ்மா. தீர்மானத்துக்கு அரசு இணங்காததால் எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன.

அப்படியானால் விவாதம் வீணா? இல்லை. இரண்டே நாளில், ஜூலை 23-ல், ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் காஸா குறித்த விசாரணைக்கு வழிவகுத்த தீர்மானத்தை 29 நாடுகள் ஆதரித்தன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. 17 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. விவாதத்தால்தான் இந்தியா அவ்வாறு வாக்களித்தது என்று கூற இயலாது. ஆனால், தனது கொள்கை என்ன என்பதை அரசு நாடறியச் சொல்ல நேர்ந்தது அந்த விவாதத்தால்தான்.

இரு தரப்புக்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1947-ல் பாலஸ்தீனப் பிரிவினையை ஐ.நா.வில் எதிர்த்தது இந்தியா. 1988-ல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தது. 1992-ல் இஸ்ரேலுடன் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்தியதும் இதே இந்தியாதான். 2023 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகிய இந்தியா, டிசம்பரில் அத்தகைய தீர்மானத்தை ஆதரித்தது.

இன்றும் நாடாளுமன்ற வளாகத்தில் இப்பேச்சு எழுந்தால், ஒருவர் 1948-லிருந்து தொடங்குகிறார். மற்றவர் 2023 அக்டோபர் 7-லிருந்து தொடங்குகிறார். அவரவர் ஆண்டு அவரவருக்கு நியாயம். மற்றவர் தொடங்கும் நாளில் மாண்டவர்களும் மனிதர்களே என்று இருவரும் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச்சு நகரும். அந்த ஒப்புதலுக்குத் தீர்மானமும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம்.