சென்சாரை மாற்றும் முன்

சென்னை நந்தனம் சிக்னலில் இரவு பத்து மணிக்கு மேல் நின்றால் அண்ணா சாலையில் ஏதாவது ஒரு கார் 'டப் டப்' என்று வெடித்துக்கொண்டு போவதைக் கேட்கலாம். சிலர் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுபட்டதும் பெட்ரோலை நிறுத்துவது இன்ஜினை ஆளும் கணினியான இசியூவின் வழக்கம். அந்த நிரலைத் திருத்தி, கொஞ்சம் பெட்ரோலை விட்டு, தீப்பொறியையும் தாமதப்படுத்தினால், சிலிண்டருக்குள் எரிந்து தீர வேண்டிய கலவை சைலன்ஸர் குழாயில் போய் வெடிக்கும். ரீமேப் என்று இதற்குப் பெயர்.

கேட்காமலே வெடிக்கிற கார்கள்தான் நம் விஷயம். கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸரும் கூம்பு ஏர் ஃபில்டரும் மாட்டிய சில வாரங்களில் 'செக் இன்ஜின்' விளக்கு எரியும், பிக்கப் குறையும், வண்டி வெடிக்கும். ஸ்கேனர் பி0171 என்று காட்டும்: கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். "ஓ2 சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். மாற்றிய பிறகும் விளக்கு திரும்ப எரியும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1976-இல் பாஷ் நிறுவனம் செய்து வால்வோ கார்களில் முதலில் வந்தது இது. உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், புகையில் உள்ள ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு மின்னழுத்தம் தரும். ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட், தீர்ந்துபோயிருந்தால் 0.9 வோல்ட். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தைப் பிடித்து நிறுத்த இசியூ நம்புவது இதைத்தான். ஆனால் சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. ஆக்சிஜனை மட்டும் பார்த்து மற்றதை இசியூ ஊகித்துக்கொள்கிறது.

இப்போது புதிய சைலன்ஸரின் இணைப்பில், சென்சாருக்கு முன்னால், கேஸ்கட் சரியாக உட்காராமல் ஒரு கீறல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புகை அதன் வழியே வெளியே மட்டும்தான் வரும் என்று தோன்றும். உண்மையில் புகை துடிப்பு துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, அந்தக் கீறல் காற்றை உள்ளே இழுக்கிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது. இசியூ மேலும் ஊற்றுகிறது. எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்கு வந்து, அதே கீறல் வழியாக வந்த காற்றோடு சேர்ந்து வெடிக்கிறது. பொய்த் தகவலுக்கும் சத்தத்துக்கும் ஒரே ஓட்டைதான் காரணம். சென்சார் தன் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது.

ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனாலும் இதே கதைதான். எரியாத கலவையோடு எரியாத ஆக்சிஜனும் வெளியேறுவதால் சென்சார் அதையும் பெட்ரோல் பற்றாக்குறை என்றே சொல்லும். ஆகவே குறியீடு 'பெட்ரோல் குறைவு' என்று சொல்லும்போது ஸ்பார்க் பிளக் கரி பூசிக் கறுத்திருந்தால், அந்த முரண்பாடே துப்பு.

நல்ல மெக்கானிக் குறியீட்டோடு நிற்காமல் ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்ப்பார். கணக்குப்படி ஊற்ற வேண்டியதைவிட இசியூ எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பது அது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. பிளஸ் 20, 25 என்றால் எங்கோ கோளாறு. ஐடிலில் எண் ஏறியிருந்து 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் இன்டேக் பக்கக் குழாயில் காற்றுக் கசிவைத் தேடலாம். வேகமும் பாரமும் கூடக்கூட எண்ணும் ஏறினால் சந்தேகம் ஃபியூயல் பம்ப் மீதும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் மீதும் திரும்பும். கூம்பு ஃபில்டரில் எண்ணெயை அளவுக்கு மீறித் தடவினால், அந்தச் சென்சாரின் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்துவிடும். காற்று குறைவாக வருவதாக அது சொல்ல ஆரம்பிக்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓடிய காரில் ஒயர் கனெக்டர் பச்சை பூத்திருக்கும். சென்சாரை மாற்றும் முன் அதைக் கழற்றிப் பார்த்தால் காசு மிச்சம்.

எக்ஸாஸ்ட் கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காது கொடுத்தால் இணைப்பில் 'டிக் டிக்' கேட்கும்; கேஸ்கட் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். இன்டேக் பக்கத்துக்குப் புகைவிட்டுப் பார்க்கும் 'ஸ்மோக் டெஸ்ட்' நம்பகமானது.

வெடிக்கும் காரை அப்படியே ஓட்டுவது வீண் வீம்பு. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் தேன்கூட்டுப் பீங்கானை உருக்கி அடைத்துவிடும். பிறகு அதை வெட்டி எறிகிறார்கள். அதோடு தொல்லை தீராது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் அதைக் கவனித்து மறுபடி விளக்கை எரிய வைக்கும். சட்டமும் விடாது. தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்ற மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ஐ உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

அடுத்த முறை வொர்க்‌ஷாப்பில் "எரர் கோடை அழிச்சுட்டேன் சார்" என்று சொல்வதற்கு முன்பே தடுத்துவிடுங்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பம், ட்ரிம் எவ்வளவு என்று இசியூ பதிந்து வைத்திருக்கும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' தகவல் குறியீட்டோடு சேர்ந்து அழிந்துவிடும். முதலில் அந்தத் திரையை உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.