சாயாத வண்டிக்கு மாறுகிறவர்கள்

ஹோண்டா கோல்டு விங் டூர் மோட்டார் சைக்கிளின் எடை ஏறக்குறைய 380 கிலோ. ஓட்டுகிறவர், பின்னால் அவர் மனைவி, பெட்டிகளில் ஒரு வாரத்துக்கான துணிமணி எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்தக் கனம் தெரியவே தெரியாது. தெரிவது சிக்னலில், பெட்ரோல் பங்க்கில், சரளைக்கல் கிடக்கும் சரிவில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றுகிற அந்த நொடியில். கால் வழுக்கினால் வண்டி படுத்துவிடும். படுத்த வண்டியைத் தனியாளாக நிமிர்த்துவது அறுபது வயதுக்காரருக்கு லேசான காரியமில்லை. ரிவர்ஸில் நகர்த்தும் வசதியை ஹோண்டா 1988-லேயே கோல்டு விங்கில் கொடுத்துவிட்டது. அதனால் பின்னால் தள்ளும் கஷ்டம் தீர்ந்தது, தாங்கிப் பிடிக்கிற கஷ்டம் தீரவில்லை.

அமெரிக்காவில் பெரிய பைக்கை விற்றுவிட்டு மூன்று சக்கர டூரிங் வண்டிக்கு மாறுகிற பலரின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, இடுப்பு வலி, பக்கவாதத்துக்குப் பிறகு பலம் குறைந்த ஒரு கால் என்று காரணங்கள் வேறுபடலாம். ஓட்டத் தெரிகிறது, ஓட்ட ஆசையும் இருக்கிறது, நிறுத்தத்தான் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அந்நாட்டு மோட்டார் சைக்கிள் தொழில் கவுன்சிலின் கணக்குப்படி, 1990-ல் 32 ஆக இருந்த பைக் உரிமையாளர்களின் இடைநிலை வயது 2018-ல் 50 ஆகிவிட்டது. பைக்கோடு சேர்ந்து அதை ஓட்டுகிறவர்களுக்கும் வயதாகிறது என்பதை நிறுவனங்கள் நன்றாகவே கவனித்திருக்கின்றன.

ஹார்லி டேவிட்சனுக்கு மூன்று சக்கரம் புதிதில்லை. 1932-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், 'சர்வி-கார்' என்ற மூன்று சக்கர வண்டியை அது கொண்டுவந்தது. பழுது பார்க்கும் கடைக்காரர் அதில் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார். அங்கிருந்து காரை ஓட்டிக்கொண்டு திரும்புவார். கார் பம்பரின் பின்னால் கொக்கி மாட்டிய சர்வி-கார் தானாக உருண்டு வரும். பிறகு அது போலீஸ்காரர்களின் வண்டியானது. தவறான பார்க்கிங்குக்கு அபராதச் சீட்டு எழுதுவதற்கென்றே பிறந்தது போலப் பல நகரங்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. 1973 வரை உற்பத்தி நடந்தது. ஹார்லியில் முதன்முதலாக எலெக்ட்ரிக் ஸ்டார்ட் வந்தது எந்த வண்டியில் என்று கேட்டால், பைக் பிரியர்கள் பலர் தடுமாறுவார்கள். 1964-ல், இந்த சர்வி-காரில்தான்.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. அந்த நேரத்தில் தனியார் பட்டறைகள் புகுந்தன. கோல்டு விங்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலோடு கூடிய இரட்டைச் சக்கர அச்சை மாட்டித் தருவதே ஒரு தொழிலானது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் தொடங்கிய லேமன் ட்ரைக்ஸ் அப்படி வளர்ந்த நிறுவனம். 2008-ல் ஹார்லி தன் 'ட்ரை கிளைடு' வண்டியை அறிமுகப்படுத்தியபோது, தயாரிப்புக்கு லேமனைத்தான் கூட்டுச் சேர்த்துக்கொண்டது.

அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2007 பிப்ரவரியில், கியூபெக்கைச் சேர்ந்த பிஆர்பி நிறுவனம் எல்லாவற்றையும் தலைகீழாக்கியிருந்தது. பனிச்சறுக்கு வண்டி செய்து பேர் வாங்கிய அந்த நிறுவனத்தின் 'கேன்-ஆம் ஸ்பைடரில்' முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. 2010-ல் அதன் டூரிங் வடிவமான ஆர்டி வந்தது. 155 லிட்டர் சாமான் இடம், அதில் ஒரு பங்கு கார் டிக்கி போல மூக்குக்குள். பின்னாளில் 1,330 சிசி மூன்று சிலிண்டர் ரோட்டாக்ஸ் எஞ்சின் சேர்ந்துகொண்டது.

முன்னால் இரண்டா, பின்னால் இரண்டா என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை. திருப்பத்தில் பிரேக் அடித்தால் எடை முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் பாயும். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்தால் அந்த மூலையில் தாங்க ஆளில்லை. வேகமாகத் திரும்பும் ஆட்டோவில் ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுவதைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டாம். 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் விற்ற, பலூன் டயர் போட்டு, சாலைக்கு வெளியே கரடுமுரடான தரையில் ஓட்டும் மூன்று சக்கர ஏடிவி வண்டிகள் குப்புறக் கவிழ்ந்து பல குழந்தைகளின் உயிரைக் குடித்தன. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழக்கு தொடுத்து, 1988-ல் நீதிமன்ற ஒப்பந்தத்தின் மூலம் அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்தக் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டுதான் ஸ்பைடர் சந்தைக்கு வந்தது. போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு அமைப்பை முதல் மாடலிலேயே பிஆர்பி பொருத்தியது. சக்கரம் எழப் போகிறது என்று சென்சார் உணர்ந்தால் எஞ்சின் தன் பலத்தைக் குறைக்கும்; தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும்.

இனி ஓட்டுகிறவர் பக்கம் வருவோம். நாற்பது வருடம் பைக் ஓட்டியவர் மூன்று சக்கர வண்டியில் ஏறினால் அனுபவம் கைகொடுக்கும் என்றுதான் நினைப்போம். முதல் சில நாட்களில் அந்த அனுபவம்தான் அவருக்கு எதிரி.

பைக்கில் வலப்பக்கம் வளைய வேண்டுமானால், நல்ல வேகத்தில் போகும்போது வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறோம். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்பும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பக்கமே வளையும். ஓட்டுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் இதைச் செய்வதே தெரியாது. உடம்பு தானாகச் செய்துவிடுகிறது. ட்ரை கிளைடிலோ ஸ்பைடரிலோ இந்த வித்தை செல்லாது. அவை சாய்வதில்லை, ஹேண்டில்பாரைத் திருப்பிய பக்கம்தான் போகும். பழக்கதோஷத்தில் வலது கையைத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகும். அமெரிக்கச் சாலைகளில் இடப்பக்கம் என்றால் எதிரே வாகனம் வருகிற பாதை.

கால்களின் பழக்கம் இன்னும் பொல்லாதது. வண்டி நிற்கப் போகிறது என்றதும் கால் தானாகத் தரைக்கு இறங்கும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டியில், நகர்ந்துகொண்டிருக்கும்போதே காலை இறக்கினால் சொந்த வண்டியின் சக்கரமே பாதத்தில் ஏறிவிடலாம். ஸ்பைடரில் வேறு மாதிரி: அதில் கைப் பிரேக் கிடையாது. மூன்று சக்கரத்துக்கும் சேர்த்து வலது காலடியில் ஒரே பெடல். பதற்றத்தில் வலது கை விரல்கள் நீளும்; பிடிக்க லீவர் இருக்காது.

திருப்பங்களில் உடல் உழைப்பும் கூடும். சாய்கிற வண்டி நம்மைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், சாயாத வண்டி வெளியே தள்ளும். டென்னசி - வடக்கு கரோலினா எல்லையில் 'டெயில் ஆஃப் தி டிராகன்' என்ற மலைச்சாலை இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டரில் 318 வளைவுகள். பைக்கில் தாலாட்டு போலப் போகும் அந்தச் சாலை, மூன்று சக்கரத்தில் தோளுக்கும் புஜத்துக்கும் உடற்பயிற்சிக் கூடம். உள்பக்கமாக உடம்பைச் சாய்த்து, வெளிப்பக்கக் காலை அழுத்தி, கையால் இழுத்துத் திருப்ப வேண்டும். குழியைத் தவிர்ப்பதும் சிரமம். பைக்குக்குச் சாலையில் ஒரே தடம், இதற்கு மூன்று. ஒன்று தப்பினால் இன்னொன்று இறங்கும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலத்தோடு நெரிசலில் புகுந்து போகிற ஆசையையும் விட்டுவிட வேண்டியதுதான்.

சாய்வதையும் விடமாட்டேன் என்பவர்களுக்கு வேறு வகை உண்டு. இத்தாலியின் பியாஜியோ 2006-ல் கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டரிலும், யமஹா 2018-ல் வெளியிட்ட 847 சிசி நிக்கனிலும் முன்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சாயும். நிக்கன் 45 பாகை வரை சாயும். ஈரச் சாலையில் முன்பிடி பிரமாதம். ஆனால் நிக்கனை நிறுத்தினால் காலை ஊன்றியே ஆக வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

சட்டங்களும் இந்த வண்டிகளைப் பார்த்துக் கொஞ்சம் குழம்பித்தான் போயிருக்கின்றன. கலிபோர்னியாவில் கார் உரிமமே போதும். வேறு பல மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் அனுமதியோ மூன்று சக்கரத்துக்கான தனி அனுமதியோ வேண்டும். பிரிட்டனில் 2013 ஜனவரி 19-க்குப் பிறகு கார் உரிமம் பெற்றவர்கள் அதை வைத்து மூன்று சக்கர வண்டி ஓட்ட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கின் நியாயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உடனே புரியும். இங்கே அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரும் காலை ஊன்றும் வேலையைச் சக்கரத்திடம் ஒப்படைக்கிற ஏற்பாடுதானே.

பாதுகாப்புக்காக மாறுகிறேன் என்கிறவர்கள் மட்டும் ஒரு கணம் யோசிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியான ஹர்ட் அறிக்கை, இன்னொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை என்றது. மூன்றாவது சக்கரம் நின்ற இடத்தில் விழாமல் காப்பாற்றும். சந்திப்பில் பார்க்காமல் திரும்புகிற காரிலிருந்து காப்பாற்றாது. ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் பழையபடி வேண்டும்.

ஆக, நிறுத்தவும் தாங்கவும் முடியாததால் பயணத்தையே விட்டுவிட இருந்தவருக்கு இது நல்ல வண்டி. வளைவில் சாயும் சுகத்துக்காகவே பைக் ஓட்டியவருக்கு இது ஏமாற்றம் தரும். அமெரிக்காவில் இந்த யோசனையில் இருப்பவர்கள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை மூன்று சக்கர வண்டிக்கென்றே நடத்தும் அடிப்படைப் பயிற்சியை முதலில் முடித்துவிடுங்கள். வாடகைக்கு ஒன்றை எடுத்து, பின்னால் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மலைச்சாலையில் முழு நாள் ஓட்டிப் பாருங்கள். பழைய பைக்கை அதற்குப் பிறகு விற்றால் போதும்.