புறஊதாவுக்குப் புலப்படாத சேர்மங்கள்: ஜென்டாமைசின் பகுப்பாய்வை முன்வைத்து

உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகையில் மிகுதியாகப் பயன்படுவது புறஊதா உணர்கருவியே. கையாள எளிது, துலங்கலும் பரந்த செறிவெல்லையில் நேர்கோடாக அமைகிறது. ஆயினும் நிறந்தாங்கித் தொகுதி உடைய மூலக்கூறுகளையே அது காட்டும். சர்க்கரைகளும் அமினோகிளைகோசைடு மருந்துகளும் 254 நானோமீட்டரில் ஏறக்குறைய எவ்விதச் சைகையுமின்றிக் கடந்துவிடுகின்றன. ஒற்றை முகட்டைக் கண்டு மாதிரி தூயது என முடிவு செய்வது ஆய்வேடுகளிலும் காணப்படும் பிழை. முகட்டுப் பரப்பு விழுக்காடு, கருவி உணர்ந்த பொருள்களுக்கு மட்டுமே உரியது.

ஜென்டாமைசின் இதற்குத் தக்க சான்று. மைக்ரோமோனோஸ்போரா நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் இம்மருந்து ஒற்றைச் சேர்மம் அன்று. சி1, சி1ஏ, சி2, சி2ஏ ஆகியவற்றை முதன்மைக் கூறுகளாகக் கொண்ட கலவை. சிசோமைசின் போன்ற மாசுகளும் உடனிருக்கக்கூடும். செவிக்கும் சிறுநீரகத்துக்கும் ஊறு விளைக்கவல்ல மருந்தாதலின், கூறுகளின் விகிதமும் மாசின் அளவும் துல்லியமாக அறியப்பட வேண்டும். அலைநீளத்தை 200 நானோமீட்டர் அண்மைக்குக் குறைப்பதே முதலில் தோன்றும் வழி. அங்கு மெத்தனால் தானே ஒளியை உறிஞ்சிவிடும். அசிட்டோநைட்ரைல் 190 வரை இடம் கொடுத்தாலும், கரைப்பானின் சிறு மாசும் அடிக்கோட்டை நிலைகுலைக்கும்.

ஒளிவிலகல் எண் உணர்கருவி சர்க்கரைகளுக்குப் போதுமானது. ஆனால் கரைப்பான் விகிதத்தை ஓட்டத்தின் இடையே மாற்ற அது இடம் தராது. வெப்பநிலை சற்று மாறினாலும் அடிக்கோடு நகரும். ஆர்த்தோ தாலால்டிஹைடு கொண்டு வழிப்பொருளாக்குவது பழைய முறை. ஜென்டாமைசின் மூலக்கூறில் பல அமின் தொகுதிகள் உள்ளதால், வினை முழுமையடையாவிடில் ஒரே கூறு பல முகடுகளாகத் தோன்றும்.

ஆவியாக்க ஒளிச்சிதறல் உணர்கருவியில் நகரும் நிலைமை நுண்துளிகளாகச் சிதறடிக்கப்பட்டு ஆவியாக்கப்படுகிறது. எஞ்சும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆகவே பாஸ்பேட் தாங்கல் கரைசல் கூடாது; டிரைபுளூரோ அசிட்டிக் அமிலம் போன்ற ஆவியாகும் பொருளே வேண்டும். இங்கு ஓர் இடர் உண்டு. முகட்டுப் பரப்பு நிறையின் அடுக்காக மாறுகிறது; அந்த அடுக்கு பெரும்பாலும் ஒன்றைவிட மிகுதி. ஆதலால் சிறிய முகடுகள் விகிதத்துக்கு மேல் சுருங்கி, மாசு உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். பரப்பு விழுக்காட்டை நேரடியாக எடுக்காமல், மாசின் செறிவெல்லையிலேயே மடக்கை அளவுத்திருத்தக் கோடு வரைதல் கட்டாயம்.

ஐரோப்பிய மருந்தியல் நூல் ஜென்டாமைசினுக்குத் தேர்ந்தது துடிப்பு மின்னோட்ட உணர்முறை. பிரிகைக் குழாயைக் கடந்த பின் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கப்பட்டுக் காரத்தன்மை உயர்த்தப்படுகிறது. பொன் மின்முனையில் சேர்மம் ஆக்சிசனேற்றம் அடைகிறது. விளைபொருள்கள் மின்முனையில் படிந்து சைகையை மங்கச் செய்யும். எனவே அளவீட்டுக்குப் பின் மின்னழுத்தம் உயர்த்தப்பட்டுப் படிவு நீக்கப்படுகிறது. பின்னர் எதிர்த்திசைக்கு மாற்றப்பட்டுப் பொன் ஆக்சைடு மீண்டும் பொன்னாகிறது. இச்சுழற்சி ஓட்டம் முழுவதும் இடைவிடாது தொடரும். கரைந்த ஆக்சிசனும் எதிர் மின்னழுத்தத்தில் ஒடுக்கமடைவதால் கரைப்பானிலிருந்து வாயுவை நீக்குதல் வேண்டும். காற்றுப்பட்டுக் கார்பனேட் சேர்ந்த காரக் கரைசலையும் தவிர்ப்பது நன்று.